கீழ்ப்பக்கத்து வெள்ளை

எனக்குச் சந்தேகம் பிடித்த புத்தி என்று குடும்பத்தில் எல்லோரும் சொல்வார்கள். நான் மறுப்பதில்லை. நொர்வேயின் கார்டமூன் விமான நிலையத்தில் பயணிகளின் பைகளைத் திரையில் ஊடுருவிப் பார்ப்பது என் வேலை. கண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வருகிறவரின் பைக்குள்தான் கறிக்கத்தி இருக்கும். நாள் முழுவதும் இதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் மனிதர்களை அப்படியே நம்பு என்றால் எப்படி நம்புவது?

ஆகவே என் அக்கா சிவநாயகி தன் மகன் நிருஜனுக்குப் பெண் தேடியபோது என்னைக் கேட்காமல் எந்த வீட்டுப் படியும் ஏறவில்லை. ஒஸ்லோவின் ஓரத்துப் புருசெத்தில் நாங்கள் ஒரே கட்டடம். அக்கா ஐந்தாம் மாடி, நான் மூன்றாம் மாடி. அத்தான் இறந்த பிறகு நிருஜனை நாங்கள் இரண்டு பேரும்தான் வளர்த்தோம். எனக்கென்று பிள்ளைகள் இல்லை. அவனைப்போல ஒரு பிள்ளையை ஒஸ்லோ முழுக்க விளக்குப் பிடித்துத் தேடினாலும் கிடைக்காது. குடி கிடையாது. கூட்டாளிகளோடு ஊர் சுற்றாமல் நேரத்தோடு படுத்துவிடுவான். சிவராத்திரிக்குக்கூட அக்கா அவனைக் கண்விழிக்க விடமாட்டாள். கார் ஆசை இல்லை, சாரதிப் பத்திரமே எடுக்கவில்லை. உடம்பைக் கவனிக்கிறவன், காலையில் விற்றமின் மாத்திரை, எங்கள் சொல்லில் குளிசை, போடாமல் வெளிக்கிடமாட்டான். அதைக்கூட அக்காதான் கையில் எடுத்துக் கொடுப்பாள். இப்படி ஒரு பிள்ளையை எவரும் ஏமாற்றிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

பெண் கம்சிகா, குரோருட்டில் இருக்கும் ஸ்ரீஸ்கந்தராசாவின் ஒரே மகள். இங்கேயே பிறந்தவள், ஆனாலும் நன்றாகத் தமிழ் கதைப்பாள். பழச்சாறு இறக்குமதி செய்யும் கொம்பனியில் வேலை என்று தாய் சொன்னார். என் முதல் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது. பழச்சாறு விற்கிற பிள்ளை எதற்காக மாதம் தவறாமல் பிரான்சுக்குப் பறக்க வேண்டும்? கேட்டால் தாய் பலகாரத் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டார்.

இது 2007ஆம் ஆண்டு ஆனி மாதம். பொன்னுருக்குக்கு நாள் குறிக்க நாங்கள் குரோருட்டுக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன்னை உருக்குகிற சடங்கு அது; பெண் வருவதில்லை, அவளுடைய தாய் தகப்பன் வருவார்கள். பொன் உருகிவிட்டால் சம்பந்தம் உறுதி. அதற்குப் பிறகு பின்வாங்குகிற வழக்கம் எங்கள் ஆட்களிடம் இல்லை. ஏதாவது கண்டுபிடிப்பதென்றால் அதற்கு முன்னர் கண்டுபிடித்துவிட வேண்டும்.

கைகழுவ எழுந்து போனேன். கம்சிகாவின் அறைக்கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தாள். நான் ஒட்டுக்கேட்கவில்லை. நின்றேன், காதில் விழுந்தது.

"மருந்தைப் பாதியாய்க் குறைச்சாப்போலை அப்பிடித்தான் அங்கிள், வருத்தம் கொஞ்சம் தலைகாட்டும்... ஓம், கீழ்ப்பக்கம்தான் வெள்ளை படரும். மேலாலை பாக்கிறவைக்குத் தெரியாது, திருப்பிப் பாத்தால்தான் தெரியும்... வேண்டாம், வேண்டாம், திரும்ப மருந்தைக் கூட்டாதேங்கோ. மழை வந்தால்தான் பயம்... அயலுக்கு இப்ப சொல்லாதேங்கோ. தங்களுக்கும் தொத்திப்போடும் எண்டு பயப்பிடுவினம்... கலியாணம் முடியட்டும், பிறகு நான் அங்கை வந்து வடிவாய்ப் பாக்கிறன்."

வருத்தம் என்றால் எங்கள் பேச்சில் மனிதருக்கு வருகிற நோய். வெள்ளை படருகிறது. மேலால் பார்த்தால் தெரியாத இடத்தில் படருகிறது. மருந்து எடுக்கிறாள். கலியாணம் முடியும்வரை அயலுக்குச் சொல்லக் கூடாது. தோலில் படரும் வெள்ளைப் புள்ளிகள் தொற்றாது என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் இது அதைவிடப் பெரியது. பிரான்சுப் பயணங்களின் காரணமும் இப்போது விளங்கியது. அங்கே எவரோ ஒரு அங்கிள் வைத்தியம் பார்க்கிறார்.

வீடு வந்து சேர்ந்ததும் அக்காவின் குசினியில் வைத்துக் கதையைத் தொடங்கினேன்.

"அக்கா, பொம்பிளைக்கு ஏதோ வருத்தம். மறைக்கினம்."

தேங்காய் துருவிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. "என்ன வருத்தம்?"

"பேர் தெரியாது. மருந்து எடுக்கிறாள். இப்ப பாதியாய்க் குறைச்சிருக்கிறாளாம். உடம்பிலை எங்கையோ வெள்ளை படருதாம்." கேட்டதை ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

அக்கா குதித்தெழுவாள் என்று எதிர்பார்த்தேன். போன வருடம் ஒரு பெண்ணை நடையில் கொஞ்சம் சாய்வு என்று தட்டிவிட்டவள் இவள். இப்போதோ மறுபடியும் துருவத் தொடங்கினாள்.

"குறைச்சிருக்கிறாள் எண்டால் சுகமாகுது எண்டுதானே அர்த்தம்?"

"அக்கா! உமக்கென்ன விசரோ?"

"எல்லா வீட்டிலையும் ஏதோ ஒண்டு இருக்கும், தங்கேஸ். நீ கிண்டாதை. ஆரிட்டையும் கதைக்கவும் வேண்டாம்."

எனக்கு அவளது சொல்லைவிட முகம்தான் பிடிபடவில்லை. அதில் கவலையே இல்லை. சாமான் பைகளோடு மாடி ஏறி வந்தவள் அவற்றைக் கீழே வைத்த மாதிரி இருந்தாள். பெண் வீட்டார் இவளுக்கு ஏதாவது வாக்குக் கொடுத்துவிட்டார்களா? அன்றிலிருந்து எனக்குச் சந்தேகப்பட இரண்டு பேர். பொம்பிளை ஒன்று, என் கூடப்பிறந்தவள் மற்றது.

பொன்னுருக்குக்கு முதல்நாள் சனிக்கிழமை. எனக்கு ஓய்வுநாள். கலியாணச் சட்டைக்கு அளவு எடுக்க வேண்டும் என்று பெண் வீட்டுக்குச் சாட்டுச் சொல்லிவிட்டு, அக்காவுக்குச் சொல்லாமல் தனியே வெளிக்கிட்டேன். புருசெத்தும் குரோருட்டும் ஒரே பள்ளத்தாக்கின் இரண்டு பக்கங்கள். பலகணியில் நின்றால் அந்தப் பக்கத்துக் கட்டடங்கள் தெரியும். ஆனால் ரீ-பானா என்கிற நகர ரயிலில் போவதென்றால் நகரத்துப் பக்கம் தொயன்வரை போய், இறங்கி மாறி, திரும்பவும் மேலே வர வேண்டும். அந்த நேரம் முழுவதும் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று மனத்துக்குள் வழக்கு நடத்திக்கொண்டு போனேன்.

வீட்டில் கம்சிகா மட்டும் இருந்தாள். தாயும் தகப்பனும் பூ வாங்கப் போயிருந்தார்கள். தேநீர் போடுகிறேன் என்று அவள் குசினிக்குள் போக, நான் குளியலறைக்குள் போய் அலுமாரியைத் திறந்து பார்த்தேன். பற்பசை, முகப்பூச்சு, தகப்பனின் சவரக்கத்தி. ஒரு குளிசை கிடையாது. ஒன்றுமே இல்லாதது எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கூட்டியது. வீட்டில் தலையிடிக் குளிசைகூட வைத்திருக்காத மனிதர் உண்டா? நான் வருகிறேன் என்று எல்லாவற்றையும் எடுத்து ஒளித்துவிட்டார்கள்.

அளவு நாடாவை எடுத்தேன். தோள், கழுத்து, முதுகு எல்லாம் பார்த்தேன். வெள்ளை எதுவும் இல்லை. ஆனால் அவள் போட்டிருந்த நீளக்கைச் சட்டையின் ஓரத்தில் நீலக் கறை ஒன்று திட்டுத்திட்டாய் இருந்தது.

"இதென்ன பிள்ளை?"

"அதுவோ மாமி? மருந்து பட்டது. எத்தினை தரம் தோய்ச்சும் போகேல்லை."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். என் பொறுமை அதோடு முடிந்தது. நாடாவைக் கட்டிலில் எறிந்தேன்.

"இஞ்சை பாரும் பிள்ளை, ஒளிக்காமல் சொல்லும். உமக்கு என்ன வருத்தம்?"

"எனக்கோ?"

"மருந்தைப் பாதியாய்க் குறைச்சிட்டீர். கீழ்ப்பக்கம் வெள்ளை படருது. அயலுக்குத் தெரிஞ்சால் தொத்தும் எண்டு பயப்பிடுவினம். பிரான்சிலை ஒரு அங்கிள் பாக்கிறார். எல்லாத்தையும் நான் என்ரை ரெண்டு காதாலையும் கேட்டனான். நாளைக்குப் பொன்னுருக்கினால் என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கை. இப்ப சொல்லும்."

கம்சிகா என்னையே பார்த்தாள். முதலில் வாயைப் பொத்தினாள். பிறகு கட்டிலில் இருந்தாள். பிறகு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. நான் கத்துவதற்குள் மடிக்கணினியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள். அகலமான பச்சை இலை ஒன்றை ஒரு கை திருப்பிப் பிடித்திருந்தது. இலையின் கீழ்ப்பக்கம் மாவைத் தூவிய மாதிரி வெள்ளை படர்ந்திருந்தது.

"இதுதான் மாமி அந்த வெள்ளை. இது முந்திரிகை. வைனுக்கு வளக்கிற முந்திரிகை."

யாழ்ப்பாணத்தில் திராட்சையை நாங்கள் முந்திரிகை என்றுதான் சொல்வோம். அந்தச் சொல் எனக்கு உடனே விளங்கியது. மற்றச் சொல்தான் தொண்டையில் சிக்கியது.

"வைனோ? பழச்சாறு எண்டெல்லோ அம்மா சொன்னவ?"

"அம்மா எல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்லுறவ. பழத்திலையிருந்து வாற சாறுதானே."

பிறகு இருத்தி வைத்து எனக்கு விளக்கினாள். அவளுடைய கொம்பனி பிரான்சின் தெற்கே ஒரு பழைய வைன் கிராமத்திலிருந்து போத்தல்களை இறக்குகிறது. முந்திரிகைக்கு அடிக்கிற மாதிரி மருந்து அங்கே வேறு பயிர் எதற்கும் அடிப்பதில்லையாம். மழைக்காலமென்றால் கிழமைக்கு ஒரு தடவை. கொடிகளுக்கு நடுவே பள்ளிக்கூடம் இருக்கிறதாம், மருந்து அடிக்கிற நாளில் யன்னலைப் பூட்டிக்கொண்டு படிப்பிப்பார்களாம். அந்தத் தோட்டத்து மேற்பார்வையாளர்தான் வின்சென்ற் அங்கிள். யாழ்ப்பாணத்துப் பாசையூரிலிருந்து பிரான்சுக்குப் போனவர். அவருக்கு நொர்வேஜியன் தெரியாது, இவளுக்குப் பிரெஞ்சு போதாது. ஆகவே வேலைக் கதை முழுக்கத் தமிழில்தான் நடக்கிறது.

"அவருக்கு நெஞ்சு முழுக்க மருந்து, மாமி. ஒரு மாடி ஏறினாலே இளைக்கும். முதலாளியைக் கெஞ்சி ஒரு சரிவிலை மட்டும் மருந்தைப் பாதியாய்க் குறைச்சிருக்கிறம். விளைச்சல் குறைஞ்சாலும் நாங்கள் வாங்குறம் எண்டு சொன்னாப் பிறகுதான் மனுசன் ஒத்துக்கொண்டவர். என்ரை சட்டையிலை இருக்கிறது மயில்துத்தக் கரைசல். அதையும் அளவாய்த்தான் அடிக்கவேணும், மண்ணிலை தங்கிப்போடும்."

"அப்ப அயலுக்கு ஏன் சொல்லக்கூடாது?"

"பக்கத்துத் தோட்டக்காரர் சந்தேகத்தோடை பாக்கினம். இந்தச் சரிவிலை வருத்தம் வந்தால் காத்திலை தங்கடை கொடிக்கும் வந்திடும் எண்டு பயம். ஒரு வெள்ளை இலையைக் கண்டால் போதும், முதலாளியின்ரை வாசலிலை வந்து நிப்பினம். அவர் அண்டைக்கே பழையபடி முழு மருந்துக்கும் திரும்பிடுவார்."

எல்லாம் விளங்கியது. ஆனால் தோற்றுப்போக எனக்கு மனம் வரவில்லை.

"பயிருக்கு வாறதை நோய் எண்டு சொல்லவேணும் பிள்ளை. வருத்தம் எண்டிறது மனுசருக்கு."

"எனக்கு ஆர் சொல்லித் தந்தது? வீட்டிலை வருத்தம் எண்ட சொல்லுத்தானே கேட்டு வளந்தனான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் பயந்திட்டன் மாமி. நீங்கள் தனிய வந்து நிண்டவுடனை, நிருஜன்ரை குளிசையைப் பற்றித்தான் கதைக்கப்போறீங்கள் எண்டு நினைச்சன்."

"எந்தக் குளிசை?"

அவள் முகத்திலிருந்த சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தாள், நிலத்தைப் பார்த்தாள். எனக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"சொல்லும் பிள்ளை."

"அவர் என்னட்டை முதல்நாளே சொன்னவர். முதல்முதல் கோப்பி குடிக்கப் போன அண்டைக்கே. எப்பிலெப்சி. சின்ன வயசிலையிருந்து இருக்காம். இப்ப கன வருசமாய் வரேல்லை, குளிசை ஒழுங்காய்ப் போட்டால் வராது." என்னை நிமிர்ந்து பார்த்து, "தமிழிலை அதுக்கு என்ன பேர் மாமி?" என்று கேட்டாள்.

"வலிப்பு," என்றேன்.

கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் என் மேலேயே விழுந்தது. நேரத்தோடு படுக்கிற பிள்ளை. கண்விழிக்காத பிள்ளை. குடிக்காத, கார் ஓட்டாத, விற்றமின் குளிசை போடுகிற பிள்ளை. ஊரார் பைகளுக்குள் ஊசி கிடந்தாலும் பிடிக்கிற நான், என் மடியில் வளர்ந்தவனின் குளிசைப் பெட்டியை ஒருநாளும் திருப்பிப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் கூட நொந்தது, இந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போனதுதான்.

"உங்கடை அம்மா அப்பாவுக்குத் தெரியுமோ?"

"இல்லை. சொல்லவேண்டாம் எண்டு உங்கடை அக்கா அவரைக் கேட்டவவாம், மாமி. அவர் என்னைக் கேட்டவர்." தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "ஆனா உங்களைப் பாக்கத்தான் எனக்கு விளங்குது. ஒளிச்சு வைச்சால் ஆக்கள் இல்லாத வருத்தத்தையும் கண்டுபிடிப்பினம். அம்மா அப்பா வந்தவுடனை நானே சொல்லப்போறன். வின்சென்ற் அங்கிளுக்கும் எடுத்து, அயலைக் கூப்பிட்டு இலையைத் திருப்பிக் காட்டச் சொல்லப்போறன்."

"நாளைக்குப் பொன்னுருக்கு, பிள்ளை. அவை வராமல் விட்டால்?"

"வராட்டி வரவேண்டாம். பிறகு தெரிஞ்சு வாறதைவிட அது நல்லம்."

கோப்பையைக் கீழே வைத்தாள். சொன்ன சொல்லை அவள் திருப்பி எடுக்கவில்லை.

நான் திரும்பி வந்தபோது ஐந்தாம் மாடியில் அக்கா எனக்காகக் காத்திருந்தாள். நாளைய சடங்குக்குத் தேங்காய், மஞ்சள், வெற்றிலை எல்லாம் மேசையில் பரப்பியிருந்தாள். கதவைத் திறந்தவுடன் என் முகத்தைப் படிக்கப் பார்த்தாள்.

"எங்கை போட்டு வாறாய்?"

"குரோருட்டுக்கு. பொம்பிளைக்கு ஒரு வருத்தமும் இல்லை, அக்கா. அவள் கதைச்சது பிரான்சிலை இருக்கிற முந்திரிகைக் கொடிக்கு அடிக்கிற மருந்தைப் பற்றி. நான்தான் பிழையாய் விளங்கிப்போட்டன்."

எந்தத் தாயும் சந்தோஷப்பட வேண்டிய செய்தி. அக்காவின் முகம் இறங்கியது. கதிரையைத் தடவிப் பிடித்து இருந்தாள்.

"ஒண்டுமே இல்லையோ?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியில் எல்லாம் இருந்தது. பெண்ணுக்கும் ஒரு வருத்தம் இருக்கிறது, தன் பிள்ளைக்கும் ஒன்று இருக்கிறது, கணக்குச் சரி என்று இரண்டு கிழமையாக இவள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். அந்த நிம்மதியை நான் இப்போது பிடுங்கிவிட்டேன்.

"அக்கா, கம்சிகாவுக்குத் தெரியும். நிருஜன் முதல்நாளே சொல்லிப்போட்டானாம். இண்டைக்கு அவள் தாய் தகப்பனுக்கும் சொல்லப்போறாள்."

அக்கா அழுதாள். நான் ஆறுதல் சொல்லவில்லை. எனக்கும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

"எனக்கு ஏன் சொல்லேல்லை? நானும்தானே அவனை வளத்தனான். ரெண்டு மாடி கீழை இருந்த எனக்கு ஏன் சொல்லேல்லை?"

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "உன்னைப் பாக்கப் பாக்கத்தான் எனக்குப் பயம் கூடினது, தங்கேஸ். மற்றப் பொம்பிளையளின்ரை வீட்டிலை நீ என்னத்தையெல்லாம் கிண்டினாய் எண்டு எனக்குத் தெரியும். பொம்பிளை வீட்டிலையும் உன்னை மாதிரி ஒருத்தி இருப்பாள் எண்டுதான் பயந்தன்."

நான் வெற்றிலைகளை அடுக்கத் தொடங்கினேன். 

மறுநாள் காலை, நகை செய்கிற பத்தர் வரவேற்பறையில் சின்ன அடுப்பை வைத்தார். கூரையிலிருந்த புகை எச்சரிக்கைக் கருவியை நிருஜன் கழற்றி வைத்தான். வேட்டி கட்டியிருந்தான், ஆனால் முகம் வெளிறியிருந்தது. கம்சிகா தாய் தகப்பனுக்குச் சொல்லிவிட்ட செய்தி அவனுக்கும் போயிருக்க வேண்டும். எங்கள் கட்டடத்துச் சனம் எல்லோரும் வந்து இருந்தார்கள். நான்காம் மாடிப் புளோறன்ஸ் என் பக்கத்தில் இருந்தார். பெண் வீட்டாரைக் காணவில்லை. நல்ல நேரம் தொடங்கிவிட்டது. அக்கா யன்னலைப் பார்க்கத் துணியவில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் ரீ-பானா நிலையப் பக்கமிருந்து ஸ்ரீஸ்கந்தராசாவும் மனைவியும் பலகாரத் தட்டுகளோடு நடந்து வருவது தெரிந்தது. ஏன் இவ்வளவு ஆறுதலாக, மெல்ல மெல்ல வருகிறார்கள், வழியில் என்ன கதைத்து முடிவெடுத்தார்கள் என்று என் புத்தி உடனே ஓடியது. அதை அடக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன்.

ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு இயல்பாகவே பெரிய குரல். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, வாசலில் நின்றபடி, சபை முழுக்கக் கேட்க மருமகனைப் பார்த்துச் சொன்னார்:

"தம்பி, குளிசை போட்டிட்டீரோ? சடங்கு, விரதம் எண்டு அதை விட்டிடாதேயும்."

"ஓம் மாமா, போட்டிட்டன்," என்றான் நிருஜன். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

புளோறன்ஸ் என் காதருகே சாய்ந்தார். "என்ன குளிசையாம்?"

அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். அது என்னுடைய குரல். நான் வாயைத் திறப்பதற்கு முன்னரே, பொன் நாணயத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு நின்ற அக்கா திரும்பினாள்.

"வலிப்புக்கு, புளோறன்ஸ்," என்றாள். "சின்னனிலையிருந்து போடுறான்."

சொல்லிவிட்டு நாணயத்தைப் பத்தரின் கையில் கொடுத்தாள். அவர் அடுப்பை ஊதத் தொடங்கினார்.